பாலாற்றில் தண்ணீர் விட்டவன்

சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபம்.
வாசலில் தெர்மாகோல் எழுத்தில்
நேற்றைய மணமக்கள் இன்னும் இருக்கிறார்கள்.
உள்ளே மாதிரி ரயில் கண்காட்சி,
நேற்றைய ரசத்தின் வாசனையோடு.

கூட்டமெல்லாம் தஸ்தகீர் மேஜையில்தான்.
பிளைவுட் மலை, மரத்தூள் புல்.
விரல் நீள இஞ்சின் ஒன்று
சுரங்கத்துக்குள் போய் வெளிவரும் ஒவ்வொரு முறையும்
இனி வராது என்று நினைத்திருந்ததுபோல்
பிள்ளைகள் கத்துகிறார்கள்.

பக்கத்தில் நான்.
சூடேறிய மடிக்கணினி, கடன் வாங்கிய டிவி.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில்
கணக்கெழுதி முடித்த மூன்று வருடத்து இரவுகளை
காட்பாடி முதல் திருவண்ணாமலை வரை
கம்பம் கம்பமாக நட்டு வைத்திருக்கிறேன்.

"இது கேமா அங்கிள்?"
"சிமுலேட்டர்."
"சுட முடியுமா?"
"முடியாது. ஓட்டலாம்."
போய்விட்டான்.

புறப்பட்ட சற்று நேரத்தில் பாலாற்றுப் பாலம்.
ஆறு என்று வரைந்தால்
மென்பொருள் தானாகவே தண்ணீர் ஊற்றிவிடும்.
மணலாக்கும் பொத்தானைத் தேடித் தேடி
ஒருநாள் தேடுவதை நிறுத்திவிட்டேன்.
கரைமுட்ட நீலம்.
பார்த்த வேலூர்க்காரர் எல்லோரும்
இந்த இடத்தில் மட்டும் சிரித்தார்கள்.
மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு
பொழுது போகாமல் வந்த வங்காளத்துக்காரர் சிரிக்கவில்லை.
ஆறென்றால் இப்படித்தானே என்று
பார்த்தபடி நின்றார்.

மூன்று மணிக்குமேல் சகாயராணி வந்தாள்.
ஊதாச் சேலை, காலில் கறுப்பு ஷூ, கையில் டிபன் பை.
கணியம்பாடி தாண்டி ரயில்வே கேட்டில் வேலையாம்.
பதினோரு வருடமாய் வண்டியைப் பக்கவாட்டில் பார்ப்பவள்.
"டிரைவருக்கு எங்க கேட்டு எப்படித் தெரியும்னு பாக்கணும்."

எது வேகம், எது பிரேக் என்று காட்டினேன்.
அதற்குமேல் நான் தேவைப்படவில்லை.
விசில் பலகையைப் பார்த்ததும்
ஸ்பேஸ் பாரை அழுத்தினாள்,
நீளமாக,
தஸ்தகீர் மேஜைப் பிள்ளைகள் திரும்பும்படி.

கேட் வந்தது. சாத்தியிருந்தது.
சிவப்பு வெள்ளைத் தடி, மஞ்சள் அறை,
நான் போய்ப் படமெடுத்து வந்த வேப்பமரம்கூட.
வண்டியை நிறுத்திவிட்டாள்.

"தோ, ரூம் கீது. மரம் கீது.
நான் எங்க கீறேன்?"

வண்டி ஒரு கிலோமீட்டர் தள்ளி வரும்போதே
தானாக மூடிக்கொள்ளும் என்றேன்.
பெருமையாகத்தான் சொன்னேன்.
"தானாவா" என்றாள்.
டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
வரிசையில் ஒருவன் "அக்கா, நகருங்க" என்றான்.
ஆறு மணிக்கு டூட்டி என்று எழுந்து போனாள்.
வண்டி அங்கேயே நின்றது.

விளக்குகளை அணைக்கத் தொடங்கியபோது
ஆட்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன்.
பதினாறு பேர்.
தொப்பி போட்ட வெள்ளைக்காரர், நாயோடு ஒருவர்,
கோட்டு மாட்டிய ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு.
சேலை கட்டியவள் ஒருத்தியும் இல்லை.
குடை பிடித்த துரைசானியை எடுத்து
குடைக்குப் பச்சை அடித்து
மஞ்சள் அறை வாசலில் நிறுத்தினேன்.
அசிங்கமாக இருந்தது. எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.

கண்ணமங்கலத்துக்கு பைக்கில் திரும்புகையில்
அவள் கேட் சாத்தியிருந்தது.
தூரத்தில் ஹாரன்,
பலகை இருக்கும் அதே இடத்தில்.
பிறகு வெளிச்சம், பிறகு பெட்டிகள்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
துண்டு துண்டாக அவள்,
கையில் பச்சை விளக்கு.

ஹெல்மெட்டுக்குள் என்னை எப்படிக் கண்டுபிடித்தாளோ.
தடியை ஏற்றும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"என்ன வெச்சாலும் வெக்காட்டியும் பரவால்ல.
பாலாத்துல தண்ணிய மட்டும்
எடுத்துடாத."